பெட்டி நிறையும் முன்னே எடை நிறைந்துவிடும்: கருவிகளுக்கான அடுக்குப் பெட்டிகள்

கேள்வி இதுதான்: டிரில், கிரைண்டர், ஸ்பேனர், பைப் ரிஞ்ச், ஸ்க்ரூ வகையறா எல்லாம் ஒரு பெரிய இரும்புப் பெட்டியிலும் நாலைந்து சாக்கிலும் கிடக்கின்றன. வேனில் ஏற்றி வேலை நடக்கும் இடங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று பூட்டிக்கொள்ளும் அடுக்குப் பெட்டிகளுக்கு மாறலாமா, என்ன அளவு வாங்குவது, எதை எதில் வைப்பது, பிளைவுட்டில் நாமே செய்துகொள்ள முடியுமா?

மாறலாம். கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தராசைத் தேடி எடுங்கள். இந்தப் பெட்டிகளை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பார்த்துத்தான் வாங்குகிறார்கள். துணிமணிக்கு அது சரி. கருவிகள் விஷயத்தில் இடம் தீருவதற்கு வெகு முன்பே தூக்கும் தெம்பு தீர்ந்துவிடும். எஃகு லிட்டருக்கு 7.85 கிலோ. 100×50×60 மி.மீ. அளவில் ஒரு சிறு கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 300 மி.லி. இடம். அதில் ஸ்க்ரூவைக் கொட்டினால், நடுவில் உள்ள காற்று போக, ஏறக்குறைய 40 சதவீதம்தான் எஃகு. அப்படியும் 950 கிராம் வந்துவிடும். பத்துக் கிண்ணம் கொண்ட ஒரு தட்டைப் பெட்டி, பெட்டியின் சொந்த எடையும் சேர்ந்து, 11 கிலோவைத் தாண்டும். கையில் எடுக்கும்வரை அது கனமென்று யாருக்கும் தோன்றாது.

ஒரு பெட்டிக்கு எவ்வளவு எடை? அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991-இல் திருத்திய தூக்கும் சூத்திரம் 23 கிலோவில் தொடங்குகிறது. அந்த 23 என்பது எல்லாம் சாதகமாக இருக்கும்போது: சுமை உடம்போடு ஒட்டி இருக்கிறது, பிடி நன்றாக இருக்கிறது, இடுப்பைத் திருப்ப வேண்டியதில்லை. சுமை உடலிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருந்தால் சூத்திரத்தின்படி அது நேர் பாதியாகிவிடுகிறது: 11.5 கிலோ. வண்டியின் பின்கதவு வழியாகக் கையை நீட்டிப் பெட்டியை இழுத்து எடுப்பது கிட்டத்தட்ட அந்த நிலைதான். ஆகவே சாமான்களோடு சேர்த்து ஒரு பெட்டி 15 கிலோ என்று திட்டமிடுங்கள். 20-ஐத் தாண்டினால் அதை இரண்டாகப் பிரியுங்கள். இதிலிருந்து வரும் முடிவு கடையில் தோன்றுவதற்கு நேர்மாறானது. கனமான சாமான்களுக்குச் சின்னப் பெட்டி, இலேசான சாமான்களுக்குப் பெரிய பெட்டி. சாக்கெட் செட், ஸ்பேனர், ஆணி, ஸ்க்ரூ எல்லாம் உயரம் குறைந்த பெட்டிக்குள் போகட்டும். வேக்குவம் குழாய், எக்ஸ்டென்ஷன் வயர், தலைக்கவசம், தூசிமறைப்பு போன்றவற்றுக்குத்தான் ஆழமான பெட்டி தேவை.

இப்போது பிரிப்பது. எல்லாவற்றையும் தரையில் பரப்பி, இனவாரியாகச் சேர்க்காமல் வேலைவாரியாகச் சேருங்கள். ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒரு பெட்டி, குறடு எல்லாம் ஒரு பெட்டி என்று வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஒரு குழாய் மாற்றப் போனாலும் நாலு பெட்டியைத் தூக்க வேண்டி வரும். துளைபோடும் பெட்டியில் டிரில், அதன் பிட்கள், சுவர்த் துளைக்கான பிளக், பென்சில், சின்ன ரசமட்டம். வெட்டும் பெட்டியில் கிரைண்டர், வீல்கள், அதன் சாவி, கண்ணாடி, காதடைப்பான். கிரைண்டர் இருக்கும் பெட்டியிலேயே பாதுகாப்புக் கண்ணாடியும் இருந்தால்தான் அதை மாட்டுவார்கள் என்பது என் கணிப்பு. அளவு டேப், கத்தி, பென்சில், அலன் கீ மாதிரி மலிவான சாமான்கள் ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று இருக்கட்டும். ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடும் நேரம் அதன் விலையை விட அதிகம்.

சேர்த்த குவியல் ஒவ்வொன்றையும் எடை போட்டு, உயரம் அளந்து எழுதுங்கள். சுமாரான கணக்குக்கு: 100 மி.மீ. கிரைண்டர் 1.8 கிலோ, 26 மி.மீ. ரோட்டரி ஹேமர் 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 18 அங்குல எஃகு பைப் ரிஞ்ச் 2.6 கிலோ, 18 வோல்ட் 5 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று 600 கிராமுக்கு மேல். நீளத்தையும் பாருங்கள். 400×300 மி.மீ. பெட்டியின் வெளி மூலைவிட்டமே 500 மி.மீ.தான்; உள்ளே 450 கிடைத்தால் அதிர்ஷ்டம். 600 மி.மீ. ரசமட்டமும் கைவாளும் எப்படித் திருப்பி வைத்தாலும் உள்ளே போகாது. அவற்றுக்காகப் பெட்டியின் அளவைக் கூட்ட வேண்டாம். இரு பக்கமும் மூடி போட்ட 110 மி.மீ. பிவிசி குழாய் ஒன்று போதும்.

பிராண்டு பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1993-இல் வந்த சிஸ்டெய்னர் என்ற அடுக்குப் பெட்டி 396×296 மி.மீ. அடித்தளம் கொண்டது. மாகிடாவின் மாக்பாக்கும் அதே அடித்தளம்தான். எல்-பாக்ஸ் 442×357. மில்வாக்கியின் பேக்அவுட் 2017-இல் வந்தது; அளவும் பூட்டும் வேறு. தொழிற்சாலைகளில் புழங்கும் யூரோ பெட்டிகள் 600×400 அல்லது 400×300. 1200×800 பேலட்டில் இடுக்கு விடாமல் உட்காரும். ஒரு பெட்டிக் குடும்பத்துப் பூட்டு இன்னொரு பெட்டிக் குடும்பத்தில் பொதுவாக மாட்டாது. பார்க்கப் பொருந்துவதுபோல இருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று வெறுமனே வைத்தால் முதல் வளைவிலேயே சரியும். ஆகவே ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து அதோடு நில்லுங்கள். தேர்வு செய்யும்போது மூன்றை மட்டும் பாருங்கள்: உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மின்கருவிகள் எந்தப் பெட்டியில் வந்தன, உடைந்த கொக்கி தனியாகக் கிடைக்குமா, அடியில் வைக்க இழுப்பறைப் பெட்டி அந்தக் குடும்பத்தில் இருக்கிறதா.

மூன்றாவது ஏன் முக்கியம் என்றால், மூடியுள்ள பெட்டிகளை அடுக்கும்போது வரும் பெரிய தொல்லை அடியில் இருப்பதை எடுப்பது. கனமானது கீழே இருக்க வேண்டும் என்பது ஒரு விதி. அடிக்கடி எடுப்பது மேலே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் அடுக்குகள் தோற்றுப்போகின்றன: ஆள் சலித்துப்போய்ப் பெட்டியைத் திறந்தபடியே போடுவார், மூன்றாம் வாரம் பழைய சாக்கு திரும்பி வந்துவிடும். கனமானதும் அடிக்கடி வேண்டியதும் ஒன்றாகவே இருந்தால் (ஸ்க்ரூ பெட்டி பெரும்பாலும் அப்படித்தான்), அதற்கு இழுப்பறை வாங்குங்கள். இல்லையென்றால் ஆறு பெட்டியை ஒரே கோபுரமாக வைக்காமல் மூன்று மூன்றாக இரண்டு அடுக்கு வையுங்கள். எதை எடுக்கவும் அதிகபட்சம் இரண்டு பெட்டியை நகர்த்தினால் போதும். உச்சியில் மூடியில்லாத ஒரு திறந்த பெட்டி: குறடு, சுத்தியல், டெஸ்டர், டேப். நாள் முழுக்கக் கை போவது அதற்குள்தான்.

உள்ளே என்ன செய்வது என்பதில்தான் பாதிப் பேர் பணத்தையும் பொறுமையையும் வீணாக்குகிறார்கள். முதல் தவறு அளவெடுப்பதில். பிளாஸ்டிக் பெட்டி அச்சிலிருந்து கழன்று வரவேண்டும் என்பதற்காக அதன் சுவர்கள் சற்றே சரிவாக இருக்கும். பக்கத்துக்கு 2 டிகிரி என்று வைத்தாலும் 150 மி.மீ. ஆழத்தில் ஒவ்வொரு சுவரும் 5 மி.மீ. உள்வாங்கிவிடும், இரண்டு பக்கமும் சேர்த்து 10 மி.மீ. மேல்விளிம்பை அளந்து வெட்டிய தட்டு பாதி வழியிலேயே சிக்கிக்கொண்டு நிற்கும். அடித்தளத்தில் அளவெடுங்கள். மூலை வளைவுக்கு ஒரு அட்டையை வெட்டிச் சரிபார்த்துவிட்டுப் பிறகு பிளைவுட்டில் கை வையுங்கள். கைப்பிடி, கொக்கி இருக்கும் இடங்களில் உட்பக்கம் புடைத்திருக்கும். அதையும் கழிக்க வேண்டும்.

தடுப்புக்கு 4 மி.மீ. பிளைவுட் போதும். ஒன்றை மேலிருந்து பாதி உயரமும் மற்றதைக் கீழிருந்து பாதி உயரமும் வெட்டிக் கோர்த்தால் பசையே வேண்டாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். வெட்டின் அகலம் பலகைத் தடிமனை விட 0.2 முதல் 0.3 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். இறுக்கமாக வெட்டினால் ஈரத்தில் உப்பிக் கழற்ற முடியாமல் போகும்.

ஃபோமில் கருவியின் வடிவத்தை வெட்டி வைப்பது எதுவும் தொலையாமலிருக்க மிக நல்ல வழி. வேலை முடிந்ததும் காலிக் குழியைப் பார்த்தாலே எது விடுபட்டது என்று தெரிந்துவிடும். ஆனால் மெத்தை ஸ்பாஞ்சில் வெட்டாதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு எஃகைத் துருப்பிடிக்க வைக்கும், சில வருஷத்தில் தானே பொடியாகும். நீர் உறிஞ்சாத, மூடிய நுண்ணறைகள் கொண்ட பாலிஎத்திலீன் ஃபோம் வேண்டும். கருவியை மேலே வைத்துக் கோடு போட்டு, 18 மி.மீ. ஒடிக்கும் பிளேடைப் புதிதாக ஒடித்துக்கொண்டு, ஒரே அழுத்தில் வெட்டாமல் மூன்று நாலு முறை இழுத்து வெட்டுங்கள். குழிக்குக் குழி 10 மி.மீ., ஓரத்தில் 15 மி.மீ., அடியில் 8 மி.மீ. ஃபோம் மிஞ்ச வேண்டும். கருவியின் தடிமனில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை புதைந்தால் போதும். விரல் நுழைய 25 மி.மீ. அகலப் பள்ளம் ஒன்றை மறக்காதீர்கள். அது இல்லாத குழியிலிருந்து சாக்கெட்டை எடுக்க ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டியிருக்கும். ஒரு எச்சரிக்கை: ஃபோம் வெட்டுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எது எந்தப் பெட்டி என்று முதல் ஒன்றிரண்டு மாதம் மாறிக்கொண்டே இருக்கும். அதுவரை தடுப்பும், கருவிகளைச் சுருட்டி வைக்கும் துணி உருளையும் போதும்.

ஸ்க்ரூ, வாஷர் பெட்டியில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: மூடியபின் கிண்ணத்தின் விளிம்புக்கும் மூடிக்கும் இடையே எவ்வளவு சந்து இருக்கிறது. எம்3, அதாவது 3 மி.மீ. போல்ட்டுக்கான வாஷரின் தடிமன் 0.5 மி.மீ., எம்4 0.8, எம்5 1.0. ஒரு மி.மீ. சந்து இருந்தால் பெட்டியைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியதும் எம்3-உம் எம்4-உம் பக்கத்துக் கிண்ணங்களுக்குக் குடிபெயர்ந்திருக்கும். கடையிலேயே ஒரு சின்ன வாஷரை உள்ளே போட்டு, மூடி, கவிழ்த்துக் குலுக்கிப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மூடியின் உட்பக்கம் 2–3 மி.மீ. ஃபோம் தாளை ஒட்டினால் சந்து அடைபடும்.

துரு பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ரப்பர் வளையம் வைத்த, ஐபி65 தரமுள்ள பெட்டி என்றால் துருவே பிடிக்காது என்று. அந்த எண்ணில் 6 என்பது தூசி புகாது, 5 என்பது எந்தத் திசையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினாலும் கெடுதல் வராது என்பதைக் குறிக்கும். வெளி ஈரம் உள்ளே வராத பெட்டியில் உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே போகாது. 40 லிட்டர் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமான ஈரக் காற்றில் மொத்தமே ஒரு கிராம் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். நனைந்த துணி ஒன்றில் பத்துக் கணக்கில் கிராம் இருக்கும். பகலில் அது ஆவியாகி, இரவு குளிர்ந்ததும் எஃகின்மேல் படியும். 50 கிராம் சிலிக்கா ஜெல் பை காற்றின் ஈரத்தைச் சமாளிக்கும், ஈரத் துணியைச் சமாளிக்காது. நனைந்தவற்றைத் துடைத்துக் காயவிட்டு உள்ளே வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து வையுங்கள். சிலிக்கா ஜெல் அதற்குப் பிறகுதான். அமிலம், சால்டர் ஃப்ளக்ஸ், பிவிசி ஒட்டும் கரைசல் எதுவும் கருவிப் பெட்டிக்குள் வரக்கூடாது. அமில ஆவி மூடிய பெட்டியில் ஒரு வாரத்தில் ஸ்பேனர் செட்டைச் செம்பழுப்பாக்கிவிடும். அவற்றுக்கு மூடியில்லாத தனிப்பெட்டி. தின்னர், அசிட்டோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். போல்ட் இளகாமலிருக்கப் போடும் திரவப் பசைகூட அதன்மேல் வழிந்தால் நாளடைவில் விரிசல் விடும். பாலிப்ரோப்பிலீன் பெட்டி இவற்றைத் தாங்கும், ஆனால் கடுங்குளிரில் அடிபட்டால் சில ரகங்கள் உடையும்.

கிரைண்டர் வீல்களைச் செங்குத்தாகச் சொருகாமல் படுக்க வையுங்கள். ரெசின் வீல்கள் ஈரத்தில் வலு இழக்கும். நடுவளையத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், வழக்கமாகத் தயாரித்ததிலிருந்து 3 வருஷம். பேட்டரியின் முனைகளுக்கு மூடி போடாமல் ஸ்க்ரூவோடு சேர்த்து வைப்பது தீயை வரவழைக்கும் வேலை. வெயிலில் நிற்கும் பூட்டிய வண்டிக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். லித்தியம் பேட்டரியை அந்த வெப்பத்தில் வைக்காதீர்கள் என்றே தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பேட்டரி, சார்ஜர் மட்டும் ஒரு சின்னப் பெட்டியில் இருந்தால் வண்டியை விட்டு இறங்கும்போது கையோடு எடுத்துக்கொள்ளலாம்.

பிளைவுட்டில் செய்வதானால் மூடியில்லாத 400×300 பெட்டியில் தொடங்குங்கள். பக்கங்களுக்கு 12 மி.மீ., அடிப்பலகைக்கு 9 மி.மீ. உள்ளளவு 376×276 வரும். அடிப்பலகையின் கீழ்முகத்தில் 372×272 அளவில் இன்னொரு 9 மி.மீ. பலகையை நட்டநடுவில் ஒட்டுங்கள். மேல்பெட்டியை வைக்கும்போது இந்தப் பலகை கீழ்ப்பெட்டியின் வாய்க்குள் இறங்கி உட்காரும். சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி. அதை 1 மி.மீ. ஆக்கினால் புதிதில் கச்சிதமாக இருக்கும், மழைக்காலத்தில் இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஓரத்தை 45 டிகிரியில் 3 மி.மீ. சீவிவிட்டால் பார்க்காமலே வைத்தாலும் தானே வழுக்கி இறங்கும். வெட்டுவதற்கு முன் பலகையின் உண்மைத் தடிமனை அளந்துகொள்ளுங்கள். 12 என்று விற்பது 11.4-ஆகவும் இருக்கும், அப்போது உள்ளளவு மாறிவிடும்.

வீட்டில் செய்த பெட்டி முதலில் விட்டுப்போவது அடியில்தான். அடிப்பலகையைக் கீழிருந்து ஆணியடித்து நிறுத்தினால், பிளைவுட்டின் விளிம்பில் ஏறிய ஆணி 15 கிலோ குலுக்கலில் கழன்றுவிடும். உள்மூலைகளில் நான்கு பக்கமும் 15×15 மி.மீ. ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஓட்டி, பக்கப்பலகை, அடிப்பலகை இரண்டோடும் பசை போட்டு ஸ்க்ரூ இறக்குங்கள். கைப்பிடித் துளை 110×35 மி.மீ., விளிம்பிலிருந்து 40 மி.மீ. கீழே, ஓரங்களை நன்றாக உருட்டிவிடுங்கள். இழுத்து மாட்டும் டாகிள் லாட்ச் இரண்டு, குறுகிய பக்கங்களில். எல்லாப் பெட்டியும் எல்லாப் பெட்டிமேலும் மாட்ட வேண்டும் என்றால் டேப் வைத்துத் தனித்தனியே அளக்காமல், துளைபோட்ட ஒரே தகட்டை வைத்து எல்லாவற்றிலும் துளையிடுங்கள். மரஸ்க்ரூ போடாமல் எம்4 போல்ட்டை மறுபக்கம் வாஷர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, குலுக்கலில் இளகாத நட்) வைத்து முடுக்குங்கள். 200 மி.மீ. உயரத்தில் இப்படி ஒரு பெட்டி காலியாகவே 3.5 கிலோ வரும். அதே அளவு பிளாஸ்டிக் பெட்டி 2 கிலோவுக்கு அருகில். ஆறு பெட்டிக்கு 9 கிலோ வித்தியாசம். தினமும் மாடி ஏற்றுகிறவர் பிளாஸ்டிக் வாங்குவதே மேல். வண்டியை விட்டுப் பெட்டி இறங்குவது அபூர்வம் என்றால் பிளைவுட் நன்றாக உழைக்கும், உள்ளே எங்கு வேண்டுமானாலும் ஸ்க்ரூ போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

பெட்டிகளை இணைக்கும் கொக்கி பெட்டியைப் பெட்டியோடுதான் கட்டுகிறது, வண்டியோடு கட்டவில்லை. ஐரோப்பாவின் சரக்குக் கட்டும் தரநிலையான இஎன் 12195-1 பிரேக் பிடிக்கும்போது முன்னோக்கி எடையில் 0.8 பங்கும், வளைவில் பக்கவாட்டில் 0.5 பங்கும் விசை வரும் என்று கணக்கிடச் சொல்கிறது. 60 கிலோ அடுக்கு 48 கிலோ விசையோடு ஓட்டுநர் பக்கம் பாயும். சரியாமல் நிற்க வேண்டுமானால், அடித்தளத்தின் பாதியை அந்தப் பங்கால் வகுத்து வரும் உயரத்துக்குக் கீழே எடைமையம் இருக்க வேண்டும். 400 மி.மீ. பக்கம் வண்டியின் நீளவாக்கில் இருந்தால் பிரேக்குக்கு 250 மி.மீ., 300 மி.மீ. பக்கம் குறுக்கே இருந்தால் வளைவுக்கு 300 மி.மீ. ஒரு மீட்டர் அடுக்கில் எடை சீராகப் பரவியிருந்தால் எடைமையம் 500 மி.மீ. உயரத்தில் இருக்கும். ஆகவே முன் தடுப்புச் சுவரை ஒட்டி வைத்து, மேலே ராட்செட் பெல்ட் போட்டு, அடியில் ரப்பர் விரிப்பும் போட்டே ஆக வேண்டும். உச்சிப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து முழு அடுக்கையும் தூக்குவதும் கூடாது. அந்தப் பிடியும் கொக்கிகளும் அவ்வளவு எடைக்குச் செய்யப்பட்டவையா என்று தயாரிப்பாளர் கொடுத்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் தரையில் நான்கு சக்கர டிராலி போதும். மண்ணிலும் படியிலும் 200 மி.மீ. விட்டத்துக்குக் குறையாத இரண்டு சக்கரம் வைத்த வண்டி வேண்டும்.

கொக்கி உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் பள்ளத்தில் சேரும் மணலும் மரத்தூளும். பூட்டு முழுதாக விழாமல் நிற்கும், ஆள் உள்ளங்கையால் அடித்து மூடுவார், கொக்கியின் பல்லு போய்விடும். மாதம் ஒருமுறை பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிட்டு, சிலிகான் ஸ்ப்ரே இலேசாக அடியுங்கள். எண்ணெய் போட்டால் மறுநாளே தூசி ஒட்டும்.

பெயர் எழுதுவது மூடியின்மேல் வேண்டாம், அடுக்கினதும் அது மறைந்துவிடும். நீளப் பக்கம் ஒன்றிலும் குறுகிய பக்கம் ஒன்றிலும், எழுத்து 12 மி.மீ.க்குக் குறையாமல். பாலிப்ரோப்பிலீனில் சாதாரண ஸ்டிக்கர் ஒட்டாது, சொரசொரப்பான இடத்தில் ஒட்டவே ஒட்டாது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, வழவழப்பான இடமாகப் பார்த்து, அந்தப் பிளாஸ்டிக்குக்கென்று வரும் பசை உள்ள லேபிளை ஒட்டுங்கள். அல்லது பெயிண்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள். எழுதும்போது பெட்டியின் பெயருக்குக் கீழே எடையையும் எழுதிவைத்தால், புதிதாகத் தூக்க வரும் ஆள் எதற்கு இரண்டு கை வேண்டும் என்று பார்த்ததும் தெரிந்துகொள்வார்.